சீனச்சட்டியைத் தேடிப் போனது: கொல்கத்தாவில் ஆறு நாள்

முதல் நாள், சனிக்கிழமை இரவு

எங்கள் வீட்டில் அப்பளம் பொரிக்கிற இரும்புச் சட்டிக்குச் சீனச்சட்டி என்று பெயர். காப்பிக்குப் போடுவது சீனி. தீபாவளிக்குக் கொளுத்துவது சீனிவெடி. அப்பா சவரம் செய்துவிட்டுக் கன்னத்தில் தேய்க்கிற படிகாரத்தை ஆச்சி சீனாக்காரம் என்பார். இத்தனை சீனாவை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு ஒரு சீனரோடும் நாலு வார்த்தை பேசாமலே எனக்கு நாற்பத்தைந்து வயதாகிவிட்டது.

சித்தி மகன் வங்கி வேலையில் மாற்றலாகி இங்கே வந்து ஒரு வருடம் ஆகிறது. "அண்ணே, ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஆறு நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்துவிட்டேன். விக்டோரியா மண்டபம், காளிகாட் எல்லாம் அவன் மனசில் இருக்கிறது. என் மனசில் இருப்பது சின்னச் சின்ன சீனச் சாப்பாட்டுக் கடைகள். பார்க் ஸ்ட்ரீட் பக்கத்துப் பெரிய இடங்கள் வேண்டாம். கல்லாவில் வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. தம்பி முட்டைகூடத் தொடாதவன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறு நாளும் அவன் பாடு என்ன ஆனது என்பது தனிக்கதை.

இன்று மாலை கணேஷ் சந்திர அவென்யூவில் ஓ சியூ. பெட்ரோல் பங்குக்கு மேலே மாடியில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிற பழைய கடை. இங்கே பேர்பெற்றது சிம்னி சூப். நடுவில் புகைபோக்கி வைத்த பாத்திரம், அந்தக் குழாய்க்குள் கரி கனன்றுகொண்டிருக்கும். அதைச் சுற்றியுள்ள அகழியில் கோழி, மீன், இறால், பன்றி, கீரை எல்லாம் மெல்லக் கொதிக்கும். சாப்பிட்டு முடிக்கும்வரை சூடு ஆறுவதில்லை. காரமும் இல்லை, புளிப்பும் இல்லை. முதல் கரண்டியில் "என்னடா இது, பத்தியச் சாப்பாடு மாதிரி" என்று நினைத்தேன். நான்காவது கரண்டியில் பேச்சை நிறுத்திவிட்டேன். தம்பி காய்கறி நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு, அதைக் கிண்டிய சட்டி எந்தச் சட்டி என்ற யோசனையிலேயே சாப்பிட்டான்.

திரும்பும் வழியில் தெருமுனையில் ஒரு தள்ளுவண்டி. சௌமீன் கிண்டுகிறார்கள். அந்த டங்டங் சத்தம் அப்படியே நம் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃபாஸ்ட் ஃபுட் கடைச் சத்தம். அங்கே கிண்டுவது நேபாளத்துப் பையன், இங்கே வங்காளப் பையன். நீளக் கரண்டியும் பச்சை மிளகாய் மிதக்கும் வினிகர் பாட்டிலும் ஒன்றுதான்.

இரண்டாம் நாள், ஞாயிறு

காலை ஐந்து மணிக்கு எழுப்பினால் தம்பி என்னைத் திட்டாமல் என்ன செய்வான்? ஆனால் டிரெட்டி பஜாரின் காலைச் சாப்பாட்டுக்கு இதுதான் நேரம். லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்குப் பக்கத்தில், போத்தார் கோர்ட் கட்டடத்தை ஒட்டி, விடிகிற நேரத்தில் நடைபாதையில் கடை பரத்துகிறார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் அந்த இடம் காய்கறி, மீன் சந்தைதான். நாங்கள் போனபோது ஆறேகால். ஜனவரிப் பனியில் அலுமினிய அடுக்குகளிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

வெள்ளைப் பந்து மாதிரி பாவ், அதற்குள்ளே இனிப்பும் உப்புமாகப் பன்றிக்கறி. மீன் உருண்டை போட்ட சூப். சியூ மை, அதாவது கறி வைத்து ஆவியில் வேகவைத்த சின்னக் கொழுக்கட்டை. எள் ஒட்டிய மாவு உருண்டை. அது கடித்தால் சவ்வு மாதிரி இழுபடும், உள்ளே இனிப்பு. லாப் சியோங் என்கிற காய்ந்த சாசேஜைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், நம் ஊர்க் கருவாட்டுக் கடையில் வாளைக் கருவாடு தொங்குகிற மாதிரி. உட்கார இடம் கிடையாது. ஸ்கூட்டர் சீட்டின் மேல் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். ஸ்கூட்டர்க்காரர் வந்தார், கொஞ்சம் நகரச் சொன்னார், வண்டியை எடுக்காமல் அவரும் ஒரு சூப் வாங்கிக்கொண்டார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சீன முகத்தோடு விற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதிக் கடைகளில் மோமோதான். செல்பி எடுக்கிற கூட்டத்துக்கு அது போதும். நானும் அந்தக் கூட்டம்தானே, எனக்கென்ன யோக்கியதை. சூப் விற்ற பெரியம்மா ஒருவரிடம் தம்பி வங்காளியில் கேட்டான், "வீட்டில் காலையில் இதைத்தான் சாப்பிடுவீர்களா?" அவர் பக்கத்துக் கடைக்காரம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "வீட்டில் யார் இவ்வளவு வேலை பார்ப்பார்கள்? டீ, பிஸ்கட்."

அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. நமக்கு விற்பது ஒரு சமையல், அவர்கள் வீட்டில் சாப்பிடுவது வேறு ஒரு சமையல். அந்த இரண்டாவதை ஒரு நாளாவது சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

டிரெட்டி என்பது சீனப் பெயர் இல்லை. எட்வர்ட் டிரெட்டா என்ற வெனிஸ்காரர், பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே வந்து கம்பெனி ஆட்சியில் தெருக்களையும் கட்டடங்களையும் மேற்பார்வை பார்த்தவர். சந்தை அவருடையது, பெயர் அப்படியே நின்றுவிட்டது. இந்தியாவின் பழைய சீனத் தெரு ஓர் இத்தாலிக்காரர் பெயரில் இருக்கிறது! சுற்றிவர இருக்கிற சீனக் கோயில்களையெல்லாம் கொல்கத்தாவில் 'சர்ச்' என்றுதான் சொல்கிறார்கள். சீ இப் சர்ச்சில் ஏறிப் பார்த்தால் சிவப்புத் தூண்களும் ஊதுபத்திப் புகையுமாகக் குவான் யின் அம்மன். டூங் ஆன் சர்ச்சில் மாடியில் கோயில், கீழ்த்தளத்தில் 1920களில் தொடங்கிய நான்கிங் ரெஸ்டாரென்ட் ஒரு காலத்தில் ஓஹோவென்று நடந்தது. இந்தி சினிமா நட்சத்திரங்கள் எல்லாம் வந்து சாப்பிட்ட இடம். இப்போது அந்தப் பக்கம் குப்பை வண்டிகளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள், திங்கள்

பென்டிங்க் ஸ்ட்ரீட்டில் செருப்புக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். இந்த ஊர்ச் சீனர்களில் ஊருக்கு ஊர் ஒரு தொழில். கான்டன் பக்கத்து ஆட்கள் தச்சர்கள், கப்பல் துறையில் மரவேலை பார்த்தார்கள். ஹக்காக்கள் தோலும் செருப்பும். ஹூபே மாகாணத்துக்காரர்கள் பல் கட்டுகிறவர்கள். சென்னையில் பல் டாக்டர்களாக இருக்கிற சீனக் குடும்பங்களுக்கும் பூர்வீகம் அந்த ஹூபேதான். 'ஹக்கா' என்ற சொல்லுக்கே விருந்தாளிக் குடும்பம் என்று அர்த்தமாம். வடக்கேயிருந்து தெற்குச் சீனத்துக்குக் குடிபெயர்ந்து போனவர்களுக்கு அங்கிருந்தவர்கள் வைத்த பெயர். விருந்தாளி என்று பெயர் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சமைத்துப் போடுகிறார்கள்.

மதியம் சாத்தாவாலா கல்லியில் டுங் நாம். சந்துக்குள் தேடிப்பிடித்துப் போக வேண்டும். நாலைந்து மேசை, அலங்காரம் என்று எதுவும் கிடையாது. ஹாம் சோய் போட்ட பன்றிக்கறி சாப்பிட்டேன். ஹாம் சோய் என்றால் உப்பில் ஊறவைத்த கடுகுக்கீரை. நம் ஊர் உப்பு நார்த்தங்காய்க்கு உறவுமுறை என்றே சொல்வேன். கொழுப்போடு இருக்கிற கறிக்கு அந்தப் புளிப்பு உப்பு எவ்வளவு பொருத்தம்! தயிர்சாதத்துக்கு நார்த்தங்காய் செய்கிற வேலையை அந்தக் கறிக்கு இது செய்கிறது. கூடவே மெய்ஃபூன், அதாவது சேவை மாதிரி அரிசி நூடுல்ஸ். தம்பி இதில் மட்டும் மயங்கிவிட்டான். எலுமிச்சை பிழிந்து பெருங்காயம் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றான். அடிக்கக் கை ஓங்கினேன்.

இரவு போன கடையின் பெயர் வேண்டாம். பழைய பாணி, மரத்தடுப்பு வைத்துத் திரை போட்ட கேபின்கள். அந்தக் காலத்தில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கும் காதலர்களுக்கும் கட்டியது. எங்கள் இருவரையும் அதில் உட்காரவைத்துத் திரையை இழுத்துவிட்டார்கள். சில்லி சிக்கன் வந்தது. ஒரே சோளமாவுப் பசை, அதற்குமேல் சீனி. சீனி நிஜமாகவே சீனி. அரைத் தட்டுக் கேட்டதற்கு முழுத் தட்டு வைத்து, பில்லையும் முழுசாகவே போட்டார்கள். தம்பி வாதாடினான். நான் திரைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

படுத்த பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. நாம் கொண்டாடுகிற மஞ்சூரியனுக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. 1975ல் பம்பாய் கிரிக்கெட் கிளப் சமையலறையில் அதைச் செய்தவர் நெல்சன் வாங். கொல்கத்தாவில் பிறந்த சீனர். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் வதக்கி, அதில் சோயா சாஸையும் சோளமாவையும் சேர்த்தார். மஞ்சூரியா என்ற நிலப்பகுதிக்கும் அந்தப் பண்டத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கோழி இருந்த இடத்தில் காலிஃபிளவர் உட்கார்ந்து, கோபி மஞ்சூரியனாகி, திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டது.

நான்காம் நாள், செவ்வாய்

வயிறு போய்விட்டது. நேற்றைய பசைதான், சந்தேகமே இல்லை. தம்பி வங்கிக்குப் போகுமுன் "மோர் குடிங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான், முகத்தில் சைவத்தின் வெற்றி.

மாலை சாந்தினி சௌக் பக்கம் மெல்ல நடந்தபோது ஒரு சின்னக் கடை. வாசலில் முதியவர் ஒருவர் கிண்ணத்தில் ஏதோ குடித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டால் 'ஜூக்' என்றார். எட்டிப் பார்த்தேன். கஞ்சி! குழைய வெந்த வெள்ளை அரிசிக் கஞ்சி, மேலே இஞ்சி நறுக்கிப் போட்டு. மெனுவில் இல்லை, அவருக்காக உள்ளே வைத்தது. வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார், எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

உலகம் முழுக்க ஆங்கில மெனு அட்டைகளில் இதை 'காஞ்சி' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் நம் கஞ்சிதான், தமிழிலிருந்து போனது. சீனர் கடைச் சீனக் கஞ்சிக்கு ஆங்கிலேயன் வைத்த பெயர் தமிழ். இதை அந்தப் பெரியவரிடம் என் அரைகுறை இந்தியில் விளக்கிப் பார்த்தேன். அவர் தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் இஞ்சி போட்டுக்கொள்ளச் சொன்னார்.

ஐந்தாம் நாள், புதன்

டாங்க்ரா. ஊருக்குக் கிழக்கே இருக்கிறது, டாக்சியில் போனோம். பெரிய பெரிய மதில், இரும்புக் கதவு, ஜன்னலே இல்லாத நீளச் சுவர். சாப்பாட்டுக் கடைக்கு எதற்கு இப்படிக் கோட்டை என்று தோன்றும். இவை தோல் பதனிட்ட இடங்கள். ஹக்காக் குடும்பங்கள் சதுப்பு நிலத்தில் வந்து கட்டியவை. தோல் கழிவு சும்மா விடுமா? 1996ல் உச்ச நீதிமன்றம் இவற்றையெல்லாம் இங்கிருந்து மாற்றச் சொல்லிவிட்டது. பான்தலாவில் தோல் வளாகம் கட்டினார்கள். சிலர் அங்கே போனார்கள், சிலர் தொழிலை விட்டார்கள், சிலர் தோல் காயப்போட்ட கூடத்தில் மேசை நாற்காலி போட்டார்கள். ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்கள் பெரிதாக்கிக்கொண்டார்கள். இன்று டாங்க்ரா என்றால் கொல்கத்தாக்காரர்களுக்குச் சில்லி சிக்கனும் பீரும்தான்.

பெரிய கடைகளை விட்டுவிட்டு உள் தெருவில் நடந்தோம். சீனக் காளி கோயில் என்று ஒன்று இருக்கிறது. மரத்தடியில் குங்குமம் பூசி வைத்திருந்த கல்லுக்குச் சீனர்களும் கும்பிடப் போய், பிறகு கோயிலே கட்டினார்கள். நூடுல்ஸ் படைப்பது உண்டாம். தம்பி சட்டென்று நின்றான். "அப்ப அது பிரசாதம்ணே. அதைச் சாப்பிடலாம்ல?" ஐந்து நாளில் அவன் கண்ணில் முதல்முறையாக ஒளி. ஆனால் இன்று பிரசாதம் எதுவும் இல்லை, சீன ஊதுபத்தி மட்டும்தான்.

மதியம் ஒரு சின்னக் கடை. பெயர்ப்பலகையில் சாயம் போய்விட்டது. ஆறு மேசை, கல்லாவில் எழுபது வயதுக்கு மேலான ஆன்ட்டி. எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. இந்தி, வங்காளி, ஹக்கா மூன்றும் ஒரே வாக்கியத்தில் வருகிறது. சமையலறைக் கதவு திறந்தே கிடந்ததால் சட்டியைப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சீனச்சட்டியின் பாட்டி அது. அண்டா அகலம், நெருப்பு விளிம்பைத் தாண்டி எழுகிறது. சமைத்தவர் வங்காளி. இருபது வருடமாக அங்கேதான் இருக்கிறாராம், ஆன்ட்டியின் மாமனாரிடம் கற்றுக்கொண்டாராம்.

கூட்டம் குறைந்ததும் ஆன்ட்டி பேசினார். நான் எதையும் தோண்டவில்லை, அவராகவே 1962க்கு வந்தார். சீனாவோடு சண்டை வந்தபோது போலீஸ் இரவில் கதவைத் தட்டிச் சிலரைக் கூட்டிக்கொண்டு போனது. இந்தியாவெங்கும் சுமார் 3,000 சீன வம்சாவளியினரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் வைத்தார்கள், சிலரைப் பல வருடங்கள். ஆன்ட்டி குடும்பம் முகாமுக்குப் போகவில்லை. ஆனால் அவருடைய அப்பா பக்கத்து ஊருக்குப் போவதென்றாலும் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். "பிறந்தது இங்கே. சீனாவைப் படத்தில்தான் பார்த்தேன்" என்றார். அப்போது கிளம்ப ஆரம்பித்தவர்கள் இன்னும் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். அவருடைய மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் டொரோண்டோவில். அங்கே 'ஹக்கா' என்று போர்டு வைத்து விற்பது இதே டாங்க்ராச் சில்லி சிக்கனைத்தானாம். "சீனாவிலிருந்து வந்தவர்கள் அதைச் சாப்பிட்டுவிட்டு இது சீனச் சாப்பாடே இல்லை என்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி சிரித்த சிரிப்பில் கல்லாப்பெட்டி ஆடியது.

நான் என் கேள்வியைக் கேட்டேன். வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்? என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கு மூணு மணிக்கு வா. கடை மூடின அப்புறம்."

ஆறாம் நாள், வியாழன். ஹவுராவில் ரயிலுக்குக் காத்திருக்கையில்

மூணு மணிக்கு முன்னாலேயே போய் நின்றோம். காலையில் டிரெட்டி பஜார் பக்கம் போய்ப் போ சோங் என்கிற சாஸ் கடையில் பச்சைமிளகாய் சாஸ் நாலு பாட்டில் வாங்கியாகிவிட்டது. கொல்கத்தாவிலிருந்து திரும்புகிற எவனும் ரசகுல்லா டின்னோடுதான் வருவான். எனக்கு இது.

ஆன்ட்டி கடைக்கு ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனோம். வட்ட மேசையில் ஆன்ட்டி, அவருடைய மகன், அந்த வங்காளிச் சமையல்காரர், மேசை துடைக்கிற பையன், நாங்கள் இருவர். கிண்ணத்தில் வெறும் வெள்ளைச் சாதம். நடுவில் இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு ஆவியில் வெந்த மீன், முழு மீன், தலையோடு. டோஃபுவைக் குடைந்து கறி அடைத்தது. வதக்கிய கீரை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இதைத்தானே ஆறு நாளாகத் தேடுகிறேன்.

அப்புறம் பையன் ஒரு தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து வைத்தான். மசூர் பருப்பு. பாஞ்ச்ஃபோரன் என்கிற ஐந்து விதைக் கலவை தாளித்த அசல் வங்காளிப் பருப்பு. அதன் பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல், ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய். ஆன்ட்டி முதலில் கரண்டியை விட்டது பருப்பில்தான். சாதத்தில் ஊற்றி, ஊறுகாயை ஓரத்தில் வைத்து, குச்சியைத் தள்ளிவிட்டுக் கரண்டியால் சாப்பிட்டார். மீன்? "நீ கேட்டாய் என்று நேற்று மார்க்கெட்டில் சொல்லிவைத்தேன். தினமும் யார் மீன் அவிப்பார்கள்?"

தம்பி பருப்பையும் உருளைக்கிழங்கையும் பார்த்து அழாத குறைதான். மூன்று தடவை சாதம் வாங்கிக்கொண்டான். இந்தப் பயணத்தில் அவன் வயிறார உண்டது ஒரு சீன வீட்டில். நான் மீன் தலையை விடாமல் முடித்தேன். அதில் எனக்கு எந்த ஏமாற்றமும் இல்லை. இஞ்சி மணக்கிற அந்த மீன் சாறைச் சாதத்தில் ஊற்றிப் பிசைந்தபோது சமையல்காரர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது ஆன்ட்டி கேட்டார், "மெட்ராஸ்காரன்தானே நீ?" மதுரைப் பக்கம் என்றேன், அவருக்கு அது மெட்ராஸ்தான். லேக் மார்க்கெட்டுக்கு மாதம் ஒரு முறை தோசை சாப்பிடப் போவாராம். "நீங்கள் வீட்டிலும் தினம் தோசைதானே சாப்பிடுவீர்கள்?"

காலை பெரும்பாலும் இட்லி என்றேன். போன மாதம் வீட்டில் பாதி நாள் மேகி என்பதைச் சொல்லவில்லை.

சென்னை மெயில் நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால். நாலு பாட்டிலில் ஒன்று மூடி கசிந்து, பைக்குள் என் இரண்டு லுங்கியும் பச்சையாகிவிட்டன. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அம்மா மூக்கைச் சுளித்துவிட்டுக் கேட்கிறார், "என்னப்பா, ஃபாஸ்ட் ஃபுட் வாசனை வருது?"